கோயில் வளவிலே ஒரு கீரைப் பாத்தி

"எங்களுக்கு மாடியும் இல்லை, முற்றமும் இல்லை, செடி வளர்க்க ஆசைப்பட்டால் எங்கே போவது?" என்று கேட்கிறவர்களுக்காக இந்தத் தடவை எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் சர்ச்சையும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் கோயிலுக்குப் பின்னால் பத்து சென்ட் நிலம் முள்ளும் ஓட்டுச் சில்லுமாகக் கிடந்தது. ஒரு நாள் பெண்கள் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தோம். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மட்டும் எழவில்லை. தலைசுற்றல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுதானாம். கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் குறைந்தாலே சோகைதான். "மாத்திரையோட தினமும் கீரையும் சாப்பிடச் சொல்லுதாங்க அத்தை. விக்கிற விலைக்கு தினமும் எங்க வாங்க?" என்றாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. அவள் ஒருத்தி கதையா இது?

மறு வாரமே ஐயரம்மாவை அழைத்துக்கொண்டு ஐயரிடம் போனோம். சேகரக் கமிட்டியில் வைத்து, அனுமதியை எழுத்திலேயே வாங்கினோம். பொது நிலத்தில் வாய்ப் பேச்சு போதாது. நாளைக்கு ஆள் மாறினால் தோட்டமும் போய்விடும்.

நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்த்து, மூன்றடி அகலத்தில் பாத்தி கட்டினோம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டாம். மக்கிய சாண எருவைக் கலந்து, கீரை விதையை மணலோடு சேர்த்துத் தூவினோம். முளைக்கீரை இருபத்தைந்து, முப்பது நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தழையும். எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரம் ஒரு பாத்தி விதைத்தால்தான் வாரா வாரம் கீரை வரும். ஓரத்தில் முருங்கை. கைகழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை.

இத்தனையும் செய்து, முதல் வருஷம் தோற்றோம்! மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. ஆளாளுக்கு அம்மா வீடு, ஆச்சி வீடு என்று கிளம்பினோம். "அவ ஊத்துவா" என்று இவளும், "இவ ஊத்துவா" என்று அவளும் நினைத்திருக்க, திரும்பி வந்தால் சருகுதான் மிச்சம்.

மழைக்குப் பிறகு மறுபடி போட்டோம். இந்தத் தடவை கத்தரி நன்றாகக் காய்த்தது. ஞாயிற்றுக்கிழமை பறிக்கலாம் என்றிருந்தோம். சனிக்கிழமை இரவே ஒரு காய் மிச்சமில்லை! யார் பறித்தது என்று கேட்கப் போய், இரண்டு மயினிமார் ஆறு வாரம் முகம் பார்த்துப் பேசவில்லை. காய்க்காகவா சண்டை? பங்கு இன்னதென்று முதலிலேயே பேசாத குறை.

அதன் பிறகு ஐயரம்மா முன்னால் உட்கார்ந்து எழுதினோம். தண்ணீருக்குக் கிழமைக்கு இருவர் பெயர், கோயில் கதவிலேயே ஒட்டியிருக்கும். ஊருக்குப் போகிறவள் மாற்றாள் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பறிப்பு புதன், சனி காலை மட்டும். விளைச்சலில் ஒரு பங்கு வேலை செய்தவர்களுக்கு. ஒரு பங்கு விற்று விதைக்கும் எருவுக்கும். ஒரு பங்கு கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும். எந்தச் சாமி கும்பிடுகிறவளானாலும் சரி. இந்தப் பங்கை மட்டும் கோயில் வாசலில் வைத்துக் கொடுப்பதில்லை. பையில் போட்டு வீட்டுக்கே போய்விடும். நாலு பேர் பார்க்கக் கை நீட்ட வைத்தால், அந்தக் கீரை எப்படி உடம்பில் ஒட்டும்?

சமையலுக்கு ஒரு வார்த்தை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும். கீரை சாப்பிடுகிறோமே என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; கீரை துணைதான்.

அன்று தலைசுற்றி உட்கார்ந்தவள் சுகமாகப் பிரசவித்தாள். மாத்திரையையும் விடவில்லை, எங்கள் கீரையையும் விடவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் அவள் முறை. பிள்ளையை வேப்பமரத் தூளியில் போட்டுவிட்டு ஊற்றுகிறாள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எங்கள் முதல் முருங்கைக் கட்டை எடுத்தது யார் தெரியுமா? பேசாமலிருந்த அந்த மயினிமாரில் ஒருத்தி. எடுத்து, பாதியை மற்றவள் மடியில் போட்டாள்!

உங்கள் தெருவில் கோயிலோ, பள்ளியோ, சும்மா கிடக்கும் இடம் இருக்கிறதா? விதை வாங்கப் போகுமுன் நாலு பேராக உட்கார்ந்து, யார் ஊற்றுவது, யாருக்குக் கொடுப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மண்வெட்டியைத் தொடுங்கள்.