முகாமுக்கு வராதவர்களின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் பிளெக்ஸ் பேனர். உள்ளே நான்கு மேசைகள். பிரஷர் பார்க்கிறார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். கடைசி மேசையில், 'மேல் சிகிச்சைக்கு' என்று மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். மதியத்துக்குள் வேன் கிளம்பிவிடும். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை மருத்துவமனைகள் பலவற்றுக்கு மக்கள் சேவை என்றால் இதுதான். இத்தனை முகாம், இத்தனை பேர் என்று ஆண்டறிக்கையில் எண்ணிக்கை ஏறுகிறது. வராதவர் யார், ஏன் வரவில்லை என்பது மட்டும் ஏறுவதில்லை.

அதைக் கேட்டுப் பார்த்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம்களுக்கே பெயர்போனது. ஆனால் முகாம் நடந்த கிராமங்களில் ஆராய்ந்து பார்த்தபோது, கண் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான் என்று தெரிந்தது. முகாம் இலவசம்தான், துணைக்கு வர ஆள் வேண்டுமே, அன்றைய கூலி போகுமே, ஆபரேஷன் என்றால் பயமாயிற்றே. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான், 2004 முதல் சிற்றூர்ப் பக்கம் நிரந்தரமான பார்வை மையங்கள் வந்தன. மருத்துவர் தொலைவிலிருந்து கணினி வழியே நோயாளியோடு பேசுகிறார்.

தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் நடந்தது இன்னும் ஆழமானது. 1993-ல் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் அங்கே மருத்துவம் பார்க்கத் தொடங்கியபோது, பிறந்த 1,000 குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. சத்துக் குறைவின் வேர் வயலில் இருக்கிறது என்று கண்டு, இயற்கை விவசாயத்துக்கும் சிறுதானியத்துக்கும் துணை நின்றார்கள். ஒரு மருத்துவமனை கேழ்வரகைப் பற்றிக் கவலைப்படுவது எந்த முகாம் மேசையிலும் தோன்றியிருக்காத யோசனை.

நல்லவர்கள் தாமாகச் செய்ததை எல்லாரும் செய்வார்கள் என்று காத்திருக்க முடியாது. வரி விலக்கு என்பது அரசு கஜானாவுக்கு வராமல் போன பொதுப்பணம். மகாராஷ்டிராவில் அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் படுக்கை என்பது வாசல்வரை வந்து சேர்ந்தவருக்குத்தானே?

அமெரிக்கா 2010-ல் இயற்றிய ஒரு சட்டத்தில் வேறு வழி எடுத்தது. லாப நோக்கமற்ற மருத்துவமனை ஒவ்வொன்றும் 3 ஆண்டுக்கு ஒருமுறை தன் சுற்றுவட்டாரத்தின் நலத் தேவைகளை மக்களிடமும் கேட்டு ஆராய்ந்து வெளியிட வேண்டும். தவறினால் 50,000 டாலர் அபராதம். அதிலும் பெரிய ஓட்டை உண்டு. கண்டறிந்த தேவையைத் தீர்க்கவில்லை என்றால், ஏன் தீர்க்கவில்லை என்று எழுதிவிட்டால் போதும். இவ்வளவு செலவிட்டாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இந்த விதிகளின்கீழ் 2017-ல் முதன்முதலாக வரி விலக்கை இழந்ததும், ஆள்பலமில்லாத ஒரு சிறிய கிராமப்புற மருத்துவமனைதான். கோடிகளில் புரளும் பெரிய மருத்துவமனைகளிடம் அறிக்கை எழுதவே தனி ஆட்கள் இருப்பார்கள்.

அந்த விதியை இங்கே கொண்டுவர வேண்டும், ஓட்டையை அடைத்துவிட்டு. வரி விலக்குப் பெறும் மருத்துவமனை 3 ஆண்டுக்கு ஒருமுறை தன் வட்டாரத்தில் வீடு வீடாகப் போகட்டும். கண்டதைத் தமிழில் வெளியிடட்டும். அடுத்த ஆண்டு அதற்கென எவ்வளவு செலவிட்டது என்று ரூபாயில் காட்டட்டும். சிறிய மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே கணக்கெடுப்பை நடத்தலாம். இது அரசின் வேலை என்பார்கள். அரசு தன் பங்குக்கு 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால், எந்தத் தெருவில் யார் பாதியில் மாத்திரையை நிறுத்தினார் என்று சொல்லிவிடுவார். அவரிடம் போய்க் கேட்க அறக்கட்டளைகளுக்கு என்ன தடை?

அறிக்கையை இணையதளத்தின் ஏதோ மூலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கவும் விடக்கூடாது. அக்டோபர் 2 கிராம சபையில் மருத்துவமனையின் பொறுப்பாளர் ஒருவர் எழுந்து நின்று அதை வாசிக்க வேண்டும். முகாமுக்கு வராத பாட்டி அங்கேயாவது ஏன் வரவில்லை என்று சொல்லட்டும்.