கைப்பிடி இல்லாத கார்

கதவைத் திறப்பதற்கு வெளிப்புறத்தில் கைப்பிடியே இல்லாத கார் ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் செவர்லே கம்பெனியார் 1953-ல் கொண்டுவந்த 'கார்வெட்' என்ற ஸ்போர்ட்ஸ் கார்தான் அது. உள்ளே கையை விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். ஏற்றி இறக்குகிற ஜன்னல் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் டிக்கியில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளை எடுத்துப் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுவிட்டு மேகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் பாடுதான், போங்கள்!

"பெண்கள் பத்திரிகையில் கார் சமாசாரம் எதற்கு?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். என்ஜினீயரிங் படிக்கும் என் பிள்ளை இந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். அறையைப் பெருக்கும்போதெல்லாம் "இது ஏன், அது ஏன்" என்று நான் கேட்பேன்; அவன் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லுவான். அந்தப் பதில்களில் குடும்பம் நடத்துகிற நமக்கும் விஷயம் இருக்கிறது.

இந்தக் காரின் பெரிய விசேஷம், அதன் உடம்பு இரும்புத் தகடு இல்லை என்பதுதான். ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி இழை. கண்ணாடி எப்படி உடையாமல் நிற்கும் என்கிறீர்களா? துவண்டு விழும் பருத்திப் புடவை, கஞ்சி போட்டு உலர்த்தினால் விறைத்து நிற்கிறதல்லவா? ஏறக்குறைய அதே தத்துவம்தான். நூல்போல் இழுத்த கண்ணாடி இழைகளோடு ரெசின் என்ற பிசினைச் சேர்த்து அச்சில் இறுக விட்டால் கெட்டியான ஓடு கிடைத்துவிடும். இரும்புத் தகட்டை வளைக்க ராட்சத அச்சுகள் வேண்டும். செலவும் நாளும் அதிகம். கொஞ்சம் வண்டிகளைச் சீக்கிரம் செய்ய இதுவே சௌகரியமாக இருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற ஊரில் 1953 ஜூன் 30-ம் தேதி முதல் வண்டி வெளிவந்தது. அந்த வருஷம் மொத்தமே 300 வண்டிகள்தான். எல்லாம் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.

இண்டக்ஷன் அடுப்பு வாங்கினால் பாத்திரங்களையும் மாற்ற வேண்டியிருக்கிறதே, அந்த மாதிரி இங்கேயும் ஒன்றை மாற்றப் போய்ப் பலதையும் மாற்ற வேண்டி வந்தது. சாதாரணக் காரில் விளக்கு, ஹாரன் இவற்றுக்குப் போன மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பி வர, இரும்பு உடம்பே வழியாக உதவுகிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆகவே திரும்பும் வழிக்கும் தனியாக ஒயர் இழுக்க வேண்டியதாயிற்று. ரேடியோ அலைகளை இரும்பு தடுக்கும், கண்ணாடி இழை தடுக்காது. அதனால் ஏரியலை வெளியே நீட்டாமல் டிக்கி மூடிக்குள்ளேயே கம்பி வலையாகப் பதித்துவிட்டார்கள். சாமர்த்தியம்தான்! ஆனால் என்ஜினில் தீப்பொறி பறக்கும்போது உண்டாகும் இரைச்சலும் தடையில்லாமல் ரேடியோவுக்குள் வந்துவிடுமே? அதை அடக்க என்ஜினில் உலோக மூடிகள் போட வேண்டியிருந்தது. ஒரு லாபம், கூடவே ஒரு வேலை.

"மேலே துருப் பிடிக்காதே, அது நல்லதுதானே?" என்று கேட்டேன். உண்மைதான். ஆனால் அடியில் தாங்குகிற சட்டம் இரும்பு. விஷயம் தெரிந்தவர்கள் பழைய கார்வெட்டை வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காமல், குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்களாம்.

அவ்வளவு அழகான வண்டி, ஆரம்பத்தில் விலை போகவில்லை. 1954-ல் 3,640 வண்டிகள் செய்தார்கள். வருஷக் கடைசியில் அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விற்காமல் நின்றது. 1955-ல் 700 மட்டுமே செய்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர். ஆனால் ஆறு சிலிண்டர் என்ஜினும் இரண்டே கியரும்தான். மழைக்கு ஒதுங்க ஜன்னலும் இல்லை. 1955-ல் எட்டு சிலிண்டர் என்ஜின் வந்தது. ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவ் என்ற என்ஜினீயர் அதன் ஓட்டத்தைச் சீராக்கப் பாடுபட்டார். 1956-ல் ஏற்றி இறக்கும் கண்ணாடியும், வெளியே கைப்பிடியும் வந்தன. வண்டி பிழைத்தது. 1981 முதல் கென்டக்கி மாநிலத்துப் பௌலிங் கிரீன் என்ற ஊரில் தயாராகிறது.

இனிமேல்தான் நம் பங்கு வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவில் அந்தக் காலத்திலேயே பெண்கள் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் உட்புற வேலையைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ரூத் கிளென்னி என்ற பெண்மணி 1958-ல் கண்காட்சிக்காக ஒரு கார்வெட்டை அலங்கரித்தார். நாலு பருவத்துக்கும் நாலு செட் இருக்கை உறைகள்! "பெண்பிள்ளை புத்தி, உறையில்தான் போகும்" என்று யாராவது சிரித்திருக்கலாம். ஆனால் அதே வண்டியில், வேண்டாதபோது தானே உள்ளே சுருண்டுகொள்கிற சீட் பெல்ட்டையும் அவர் வைத்திருந்தார். புதிய கார்களில் சீட் பெல்ட் கட்டாயம் என்று அமெரிக்காவில் சட்டம் அமலுக்கு வந்தது 1968-ல்தான். பத்து வருஷம் முன்னாடியே, உட்காருகிற மனுஷியையும் அவள் உயிரையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று கேளுங்கள். கார்வெட்டில் இரண்டே இருக்கை. அப்படியானால் கைக்குழந்தை எங்கே உட்காரும்? விபத்தில் ஏர்பேக் கண் இமைப்பதற்குள் படாரென்று உப்பும். பெரியவர்களைக் காப்பாற்றும் அந்த வேகமே, அதற்கு எதிரே பின்னோக்கி வைத்த குழந்தை இருக்கையில் இருக்கும் சிசுவுக்கு எமனாகிவிடும். அதனால்தான் பின் இருக்கை இல்லாத வண்டிகளில், பயணி பக்கத்து ஏர்பேக்கை நிறுத்தி வைக்க ஸ்விட்ச் வைக்கலாம் என்று 1995-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

நாம் கார்வெட் வாங்கப் போவதில்லை. ஆனால் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ காரில் போகும்போது, "குழந்தை என் மடியிலே இருக்கட்டும்" என்று முன் இருக்கையில் ஏறுகிற இளம் தாய்மார்கள் எத்தனை பேர்! வண்டி சட்டென்று மோதினால் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. மடியில் இருக்கிற குழந்தைதான் முதலில் அடிபடும். குழந்தைக்கு என்று உள்ள இருக்கையைப் பின் சீட்டில் பொருத்தி, வாரைப் போட்டு உட்கார வையுங்கள். கொஞ்ச நேரம் அழும், அழட்டும். நீங்களும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். புடவை கசங்கினால் வீட்டுக்கு வந்து இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் கார் வாங்கும் பேச்சு வந்தால் ஆண்கள் என்ஜினைக் கேட்பார்கள், பிள்ளைகள் நிறத்தைக் கேட்பார்கள். "குழந்தை எங்கே உட்காரும்? பின் சீட்டில் எல்லாருக்கும் பெல்ட் இருக்கிறதா?" என்று நாம் கேட்போம். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிட்டால் பிற்பாடு கண்ணைக் கசக்க வேண்டாம்.