பால் பைத்தான் குட்டிக்கு வீடு: சேலம் வெயிலில் கண்ணாடித் தொட்டி சரிப்படுமா?

பெயரைக் கேட்டு பால் குடிக்கிற பாம்பு என்று நினைத்துவிட வேண்டாம். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் 'பால்' பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழிக்கும் விஷமில்லாத பாம்பு. பொரிந்து வரும்போது ஒன்றரை அடிகூட இருக்காது. வளர்ந்தால் 3 முதல் 5 அடி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருஷம் இருக்கும்.

இதற்கு என்ன கூண்டு வாங்கலாம் என்று யூடியூபில் தேடினால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த வீடியோக்கள்தான் வரிசை கட்டும். எந்த ஹீட் மேட், எத்தனை வாட் பல்பு... அங்கே குளிர், பாம்பைச் சூடாக வைப்பதுதான் அவர்கள் கவலை. சேலம், நாமக்கல் பக்கம் கதை நேர் எதிர்.

பாம்பால் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அதனால் கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி வேண்டும். சூடு தேவைப்பட்டால் இங்கே, போதும் என்றால் அங்கே. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் அந்த 'மறுபக்கம்' எங்கிருந்து வரும்? தெர்மோஸ்டாட் இருக்கே என்பார்கள். அது ஹீட்டரை அணைக்கும், அவ்வளவுதான். அறையைக் குளிர வைக்காது.

இது நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அத்துப்படி. குஞ்சுகள் புரூடர் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், விலகி ஓரத்துக்குப் போனால் சூடு அதிகம் என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். பாம்புக் குட்டி எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும் (உண்ணி பிடித்திருந்தாலும் அப்படிக் கிடக்கும், அதையும் பார்க்கணும்).

அதனால் பாம்புக்கு முன்னால் பெட்டியை மட்டும் வாங்குங்கள். கோடையில் ஒரு வாரம் காலியாக வைத்து, மதியம் 3 மணிக்கு உள்ளே என்ன சூடு என்று பாருங்கள். தரைத்தள உள்ளறையில், ஃபேன் ஓடியும் குளிர்ந்த பக்கம் 30-ஐத் தாண்டுகிறதா? ஏசியும் இல்லையா? மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் இல்லையா? அப்படியானால் வாங்காதீர்கள்.

பெட்டி என்றதும் மீன் தொட்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஜன்னல் வெயில் பட்டால் அது அடுப்பு. மேலே வலை மூடி போட்டால் ஈரப்பதமும் நிற்காது. இந்தப் பாம்புக்கு 60 சதவீதம் வாக்கில் வேண்டும். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட, பூட்டக்கூடிய பிளாஸ்டிக் அல்லது பிவிசி பெட்டி மேல். 'சரியாக மூடியிருக்கே' என்று நினைக்கும் இடுக்கில்தான் நழுவும், பூட்டு கட்டாயம். அடியில் தேங்காய் நார்த்தூள் போதும், நம்மூரில் அதற்கா பஞ்சம்?

பெரிய பெட்டி குட்டியைப் பயமுறுத்தும் என்பது பழைய பேச்சு. பயமுறுத்துவது வெற்றிடம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிவிடமும், நடுவில் இலை, மரப்பட்டையும் இருந்தால் இரண்டரை அடிப் பெட்டியில் நிம்மதியாக இருக்கும். வளர்ந்தபின் நாலடி வேண்டும்.

இன்னொன்று, காகிதம். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் சிக்கின. விற்பனைக்கு வரும் குட்டி இப்படிக் கடத்தி வந்ததாகவும் இருக்கலாம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இதுபோன்ற வெளிநாட்டு உயிரினம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. நம்மூர் வயலில் பிடிபடும் மலைப்பாம்புக்கு அந்த வழியும் கிடையாது. அது முதல் பட்டியலில் இருப்பது, வீட்டில் வைத்தாலே குற்றம். விற்பவரிடம் முதலில் பதிவு விவரத்தைக் கேளுங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்றால், கூண்டு வாங்க வேண்டிய வேலையே இல்லை.