"கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பது ஆறுதலா?

இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர் சட்டைப் பட்டனைக் கழற்றித் தழும்பைக் காட்டிப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் கல்யாணப் பந்தியிலேயே "எனக்கு 240, உங்களுக்கு எவ்வளவு?" என்று விசாரித்துக்கொள்வார்கள். ஆனால் "எனக்குச் சிறுநீர்ப்பையில் கேன்சர்" என்று யாராவது பந்தியில் சொல்லிக் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. நோய் இல்லாமல் இல்லை. அது வந்திருக்கும் இடம் அப்படி! வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது.

வெளியே சொல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்குள்ளேயே, கணவன் மனைவிக்குள்ளேயே சொல்வதில்லை என்பதுதான் பிரச்சினை. ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்கிறார். மற்றவர் "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். இந்த வார்த்தையை நாம் ஆறுதல் என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், இந்த நோயின் சிகிச்சையில் இதைவிட ஆபத்தான ஆறுதல் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது, ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது பையின் தசைக்குள் இறங்காமல் உள்சுவரோடு நின்றிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். திரும்பி வரும் அபாயம் அதிகம் என்று தெரிந்தால் பி.சி.ஜி. மருந்து கொடுப்பார்கள். ஆமாம், குழந்தை பிறந்ததும் காசநோய் வராமலிருக்க இடது தோளில் குத்துகிறார்களே, அதே பி.சி.ஜி.தான்! கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியது. 1921-ல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. நம் சென்னை கிண்டியில் 1948 முதல் இதற்கென்றே ஒரு தயாரிப்புக் கூடம் இருக்கிறது. இதையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்டதை 1976-ல் கனடாவைச் சேர்ந்த அல்வாரோ மொராலஸ் என்ற மருத்துவர் வெளியிட்டார்.

மெல்லிய குழாய் வழியாக மருந்தை உள்ளே விடுவார்கள். சுமார் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் அடக்கி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். பிறகு இடைவெளி விட்டு ஒன்று முதல் மூன்று வருடம் வரை தொடரலாம். வலுவிழந்த உயிருள்ள கிருமி உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறது. அந்தச் சண்டையில் புற்றுநோய் அணுக்களும் அடிபடுகின்றன. சண்டை நடக்கும் இடம் புண்ணாகத்தானே செய்யும்? நீர்க்கடுப்பு, எரிச்சல், அடக்க முடியாத அவசரம், லேசான காய்ச்சல், அடித்துப் போட்டது போல உடம்பு அசதி. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணியும். ஆனால் வாரம் ஏற ஏற வேதனையும் ஏறுவது பலருக்கு நடக்கிறது.

இங்கேதான் "பொறுத்துக்கோ" வில்லனாகிறது. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போனாலோ, கிருமித் தொற்று இருந்தாலோ டாக்டர்கள் அடுத்த தவணையைத் தள்ளிப் போடுவார்கள். புண்பட்ட இடம் வழியாக அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளி வெட்கப்பட்டு "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருப்பவர் ஒரு நாள் "இனிமே நான் வரல" என்று பாதியில் நிறுத்திவிடுவார். இரண்டுமே நஷ்டம்தான்.

எங்கள் பெரியப்பா இரண்டாவது ரகம். மூன்றாவது தவணைக்குப் பிறகு இரவில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருப்பார். கேட்டால் "தண்ணி அதிகமா குடிச்சிட்டேன்" என்பார். பெரியம்மா அதிகம் படிக்காதவர். ஆனால் ஒரு காரியம் செய்தார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எத்தனை தடவை எழுந்தார், எப்போது காய்ச்சல் அடித்தது, நிறம் எப்படி இருந்தது என்று எழுத ஆரம்பித்தார். "அதையெல்லாம் எதுக்குடி எண்ணிக்கிட்டிருக்க?" என்று பெரியப்பா எரிந்து விழுவார். "நீங்க சொல்ல மாட்டீங்க, நான் சொல்லணும்ல" என்று விட்டுவிடுவார் பெரியம்மா. ஐந்தாவது தவணைக்கு அவர் வர மறுத்த அன்று, அந்த நோட்டுதான் டாக்டரின் மேஜைக்குப் போனது. டாக்டர் படித்துப் பார்த்து, சிறுநீரைப் பரிசோதித்து, தவணையை ஒரு வாரம் தள்ளி வைத்து, பையின் துடிப்பை அடக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மீதி இரண்டும் முடிந்தன.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தவணையைத் தள்ளலாம், மருந்தின் அளவைக் குறைக்கலாம், வலிக்கும் துடிப்புக்கும் தனித்தனி மாத்திரைகள் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்! "வலிச்சாதான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அப்படி ஒரு கணக்கு கிடையாது. அதிகம் வலிக்காமலே குணமானவர்களும் இருக்கிறார்கள்.

கூட இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு சில விஷயங்களும் உண்டு. மருந்து விட்ட பிறகு ஆறு மணி நேரம் வரை உட்கார்ந்தபடியே சிறுநீர் கழிக்க வேண்டும், தெறிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் இரண்டு கப் அளவு ப்ளீச் திரவம் ஊற்றி, 15 முதல் 20 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ப்ளீச்சோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். மெடிக்கல் ஷாப்பில் "நீர்க்கடுப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். மருந்தாக உள்ளே விட்ட கிருமியையே அது கொன்றுவிடலாம். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஒரு வாரம் தாம்பத்தியத்தைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை வேண்டும். இதைக் கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். கேட்டுவிடுங்கள்.

உறவினர்கள் விஷயம் தனி. "காசநோய்க் கிருமியாமே" என்று காதில் விழுந்ததும் தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கிற வீடுகள் இருக்கின்றன. எச்சில் தட்டு மூலமோ பக்கத்தில் உட்காருவதாலோ இது பரவாது. மேலே சொன்ன கழிவறைச் சுத்தம் போதும். வலியோடு இருக்கும் மனிதருக்குத் தனித்தட்டு இன்னொரு வலி.

இந்த நோய் ஆண்களுக்கே அதிகம் வருகிறது. புகைப்பழக்கம் முக்கியக் காரணம். ஆனால் பெண்களுக்கும் வரும். அவர்களுக்கு ரத்தம் போனால் மாதவிலக்கு, யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நாள் கடத்திவிடுகிறோம். சிகிச்சை ஆரம்பித்த பிறகும், எரிச்சலோடு எழுந்து காபி போடுகிறவராக அந்த அம்மாதான் இருப்பார். கணவன்மார்களே, நோட்டு எழுதுவது மனைவியின் வேலை மட்டும்தான் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை!

கடைசியாக, கூட இருப்பவரும் மனிதர்தான். நோயாளி எழும்போதெல்லாம் பெரியம்மாவும் எழுந்தார். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள். "நீ தூங்கினியா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. வாரத்தில் ஓர் இரவு பிள்ளைகளோ மருமகளோ அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டால் அது எத்தனையோ ஆப்பிளுக்குச் சமம்.

பொறுமை நல்ல குணம்தான். ஆனால் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்குத் துணை தேவையில்லை, அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வலியை எண்ணி, எழுதி, டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்வதற்குத்தான் துணை வேண்டும். உங்கள் வீட்டிலோ தெரிந்த வீட்டிலோ யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், அடுத்த முறை "பொறுத்துக்கோங்க" என்பதற்குப் பதிலாக "எங்க வலிக்குது, எப்போலேர்ந்து?" என்று கேட்டுப் பாருங்கள்.