எண்பூட்டு

பொருளைக் காக்கப் பூட்டினைக் கண்ட மனிதன், நெடுங்காலம் அதன் வலிமையை இரும்பின் கனத்தைக் கொண்டே மதித்துவந்தான். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, அத்தகைய உறுதிக்குப் பெயர்பெற்றது. சாவியே இல்லாத எண்பூட்டோ வேறு வகையினது. பயணப் பெட்டியில் விளங்கும் அச்சிறு பூட்டின் காவல் இரும்பில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஆதலின், அதனை நம்புமுன் எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.

மூன்று சக்கரங்கள் கொண்ட பூட்டு ஒன்றைக் கருதுவோம். ஒவ்வொரு சக்கரத்திலும் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் உள்ளன. முதற் சக்கரத்தைப் பத்து வகையாக நிறுத்தலாம். அவ்வகை ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் சக்கரத்தைப் பத்து வகையாக நிறுத்தலாம், ஆகவே நூறு. அந்நூறு ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் சக்கரம் பத்து வகை தரும், ஆக 1,000. இங்கே கூட்டுதல் பொருந்தாது, பெருக்குதலே முறை.

ஆயிரம் என்றதும் அது பெருங்காவல் எனத் தோன்றும். ஓர் எண்ணைச் சோதிக்க மூன்று வினாடி ஆகும் எனக் கொள்வோம். எல்லா எண்களையும் சோதிக்க 3,000 வினாடிகள், அதாவது 50 நிமிடங்களே போதும். மற்றுமொரு சக்கரத்தைச் சேர்ப்பின் வகைகள் 10,000 ஆகும். சோதிக்கும் காலமோ 8 மணி 20 நிமிடமாக நீளும். மிகுந்தது ஒரு சக்கரம். காவல் பத்து மடங்காயிற்று!

வங்கியின் ஏ.டி.எம். அட்டைக்குரிய நான்கு இலக்க இரகசிய எண்ணுக்கும் இக்கணக்கே பொருந்தும். ஆயினும், மறவாதிருத்தற் பொருட்டுத் தம் பிறந்த ஆண்டையே அவ்வெண்ணாக வைத்துக்கொள்வோர் உளர். இன்று வாழ்வோருள் மிகச் சிலர் நீங்கலாக ஏனையோர் கடந்த நூறு ஆண்டுகளுக்குள் பிறந்தவரே. ஆகவே, 10,000 வகை ஏறக்குறைய நூறாகச் சுருங்கிவிடுகிறது. பிறந்த நாளையும் மாதத்தையும் சேர்த்து வைத்தாலும் 366 வகைக்கு மேல் இல்லை. இயந்திரம் அளித்த காவலை மனிதனின் பழக்கம் பறித்துவிடுகிறது.

‘சில முறை தவறினால் இயந்திரமே அட்டையைத் தடுத்துவிடுமே, அச்சம் எதற்கு?’ எனச் சிலர் வினவலாம். அத்தடை, குருட்டுத்தனமாய் முயலும் அயலானைத் தடுக்கும். நம் பிறந்த நாளை அறிந்தவனுக்கோ ஓரிரு முயற்சியே போதுமன்றோ?

வெறும் ஊகம் நம்மை ஏமாற்றுவதும் உண்டு. கதவைத் திறக்க நான்கு இலக்கங்களை அழுத்தும் பலகை ஒன்றில், நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்துள்ளன என்க. அந்நான்கையும் வரிசை மாற்றி அமைக்கும் வகைகள் 4 × 3 × 2 × 1, அதாவது 24. மூன்று பொத்தான்களே தேய்ந்திருப்பின் வகைகள் குறையும் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால், அவற்றுள் ஏதோ ஒன்று இருமுறை வந்திருக்க வேண்டும். அது எது என்பதில் மூன்று வகை; எஞ்சிய இரண்டும் நிற்கும் இடங்களில் 4 × 3 = 12 வகை; ஆக 36. அடையாளம் குறைந்தது, ஐயமோ மிகுந்தது!

ஆகவே, இரகசிய எண்ணை விருப்பத்தாலன்றிக் குலுக்கலால் தேர்தலே நன்று என்பது என் கருத்து. பத்துச் சீட்டுகளில் 0 முதல் 9 வரை எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள்; குறித்துக்கொண்டு மீண்டும் உள்ளே இடுங்கள். இவ்வாறு நான்கு முறை எடுத்தால் 10,000 வகைகளுக்கும் ஒத்த வாய்ப்பு உண்டாகும். கிடைத்த எண்ணை மனத்திற் பதித்தபின் தாளைக் கிழித்தெறியுங்கள்.

எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என இரு பொருள் உண்டு. பூட்டைச் செய்தவன் முதலாவதைச் செய்து முடித்தான். இரண்டாவதைச் செய்ய வேண்டியவர் அதனைப் பூட்டுகின்ற நாமே.