மௌலானாவும் சட்டசபையும்

மதுரையில் காஜிமார் தெரு எங்கே என்று கேட்டால் பெரியார் பஸ் நிலையத்தில் பூ விற்கும் பாட்டிகூட வழி சொல்லிவிடுவாள். 'சரி பாட்டி, காஜி என்றால் யார்?' என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பாள்.

முஸ்லிம் அரசர்கள் காலத்தில் வழக்கு விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர் காஜி. வெள்ளைக்காரன் வந்து கோர்ட்டு வைத்தான். 1864-ல் காஜி பதவியையே எடுத்துவிட்டான். 1880-ல் மறுபடி கொடுத்தான். ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். நிக்காஹ் நடத்தி வைக்க ஒருவர் வேண்டுமல்லவா, அதற்குத்தான் காஜி!

இதனால் யாருக்கு நஷ்டம் என்கிறீர்கள்? ஆண்களுக்கு அவ்வளவாக இல்லை. கஷ்டமெல்லாம் பெண்களுக்குத்தான்.

கப்பலேறிப் போன கணவன் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. அவள் என்ன செய்வாள்? மதுரைப் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி சட்ட நூல்களில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: கணவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும் காலம் வரை அவள் காத்திருக்க வேண்டும்! இருபது வயதுப் பெண் பாட்டியான பிறகு மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சொல்வது போலத்தான் இது. மாலிக்கி என்ற இன்னொரு மரபில் நாலு வருஷம் போதும். ஆனால் அதை எடுத்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு காஜி வேண்டுமே!

இந்த இடத்தில்தான் பீஹாரைச் சேர்ந்த ஒரு மௌலானாவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பெயர் அபுல் மஹாஸின் முகமது சஜ்ஜாத். 1880 வாக்கில் பிறந்தவர். கயாவில் மதரஸா நடத்தி, பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்வி போதித்தவர். அந்த வேலையோடு நின்றிருந்தால் ஊரில் நல்ல பெயர் எடுத்து நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் நிற்கவில்லை.

1921-ல் பாட்னாவில் உலமாக்களைக் கூட்டி, 'இமாரத்தே ஷரியா' என்ற அமைப்பை உண்டாக்கினார். சர்க்கார் காஜி வைக்காவிட்டால் நாமே வைத்துக்கொள்வோம் என்பது அவர் எண்ணம். ஊர்களில் காஜிகள் அமர்ந்தார்கள். குடும்ப வழக்குகளைக் கேட்டார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு. யோசனை அவருடையது, அலைச்சலும் அவருடையது. ஆனால் தலைமைப் பதவியில் புல்வாரி ஷரீஃப் ஊரின் பெரியவர் ஷா பத்ருத்தீனை உட்கார வைத்துவிட்டு, தாம் துணைத் தலைவராகவே கடைசி வரை இருந்துவிட்டார். சமையல் முழுவதையும் செய்துவிட்டுப் பரிமாறுகிற பெருமையை மாமியாருக்கு விட்டுக்கொடுக்கும் மருமகளைப் போல என்று சொன்னால் நம் சகோதரிகளுக்குப் புரியும்!

ஆனால் இந்தக் காஜியின் தீர்ப்புக்குச் சேவகன் இல்லை, சிறைச்சாலை இல்லை. ஒப்புக்கொண்டவன் கேட்பான், மற்றவன் சிரித்துவிட்டுப் போவான். சட்டத்தின் பலம் வேண்டுமானால் சட்டசபைக்குத்தான் போக வேண்டும். 1936-ல் மௌலானா 'முஸ்லிம் சுயேச்சைக் கட்சி'யைத் தொடங்கினார்.

1937 தேர்தலில் பீஹார் சட்டசபையின் 152 இடங்களில் காங்கிரஸுக்கு 98 கிடைத்தது. முஸ்லிம் தொகுதிகளில் மற்றெந்தக் கட்சியையும்விட அதிக இடங்களைப் பெற்றது மௌலானாவின் கட்சி. கவர்னர்கள் குறுக்கிட மாட்டோம் என்று உறுதி சொன்னாலொழியப் பதவி ஏற்பதில்லை என்று காங்கிரஸ் ஒதுங்கி நின்றது. நம் சென்னை மாகாணத்திலும் அதே கதைதானே? ராஜாஜி வரும் வரை, ஏப்ரல் முதல் ஜூலை வரை, கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு இடைக்கால மந்திரிசபை நடத்தினார். பீஹாரில் அந்த நாற்காலி மௌலானாவின் கட்சிக்கு வந்தது. பாரிஸ்டர் முகமது யூனுஸ் 1937 ஏப்ரல் 1-ல் மாகாணப் பிரதமரானார். அந்நாளில் முதல் மந்திரியைப் பிரதமர் என்றே அழைப்பது வழக்கம். ஹிந்து மந்திரிகளும் அதில் இருந்தார்கள். ஜூலையில் காங்கிரஸ் வந்ததும் அந்த மந்திரிசபை இறங்கிவிட்டது. மௌலானா மந்திரி பதவி எதையும் ஏற்கவில்லை.

'சுமார் நாலு மாதத்துப் பதவிக்கா இத்தனை பாடு?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஆலிம்கள் எழுப்பிய கேள்வி டில்லி வரை போயிருந்தது. பஞ்சாபில் சில பெண்கள் கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்ப வேறு வழியின்றி மதத்தையே விட்டார்கள். மதம் மாறினால் கல்யாணம் முறிந்துவிடும் என்பது அப்போதைய சட்டம். இதைக் கண்டு கலங்கிய மௌலானா அஷ்ரஃப் அலி தானவி என்ற பேரறிஞர், மாலிக்கி மரபின் சலுகைகளை ஹனஃபிப் பெண்களுக்கும் தரலாம் என்று 1930-களின் தொடக்கத்தில் ஒரு நூல் எழுதினார். 1936-ல் முகமது அகமது காஜ்மி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1939-ல் அது முஸ்லிம் விவாக ரத்துச் சட்டமாயிற்று. கணவன் நாலு வருஷம் காணாமற் போனால், இரண்டு வருஷம் ஜீவனாம்சம் தராவிட்டால், கொடுமை செய்தால், பெண் கோர்ட்டுக்குப் போய் விடுதலை கேட்கலாம்.

உலமாக்கள் முழுச் சந்தோஷம் அடைந்தார்களா? இல்லை. இப்படிப்பட்ட வழக்கை முஸ்லிம் நீதிபதிதான் கேட்க வேண்டும் என்ற விதி மசோதாவில் இருந்தது. சட்டமாகும்போது அது போய்விட்டது. மதம் மாறினால் மட்டும் கல்யாணம் தானாக முறியாது என்றும் சேர்ந்தது. காஜியைத் திரும்பக் கொண்டுவர நினைத்தவர்களுக்குக் காஜி கிடைக்கவில்லை. பெண்களுக்கு வழி கிடைத்தது.

எனக்கென்னவோ, இதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. மார்க்கம் படித்தவர் அரசியலுக்கு வரலாமா என்று இன்றும் சர்ச்சை நடக்கிறது. வந்தவர் எதற்காக வந்தார் என்று பார்த்தால் பாதிச் சர்ச்சை தீர்ந்துவிடும். சட்டசபைக்குள் போனால் கேட்டது முழுவதும் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். பத்துப் பேர் கூடி வைக்கும் குழம்பில் நம் கைப்பக்குவம் மட்டும் இருக்குமா?

சஜ்ஜாத் 1940 நவம்பரில் புல்வாரி ஷரீஃபில் காலமானார். அதே ஆண்டில், நாட்டை மத அடிப்படையில் பிரிக்கும் யோசனையை எதிர்த்து எழுதியிருந்தார். அவர் வைத்த காஜி சபைகள் பீஹாரில் இன்றும் குடும்ப வழக்குகளைக் கேட்கின்றன.

1939-ஆம் வருஷத்துச் சட்டமும் அமலில்தான் இருக்கிறது. கே.கே. நகர்ப் பக்கத்து ஜில்லா கோர்ட்டு வாசலில், கையில் ஒரு காகிதக் கட்டோடு, துணைக்குத் தாயாரை அழைத்துக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணுக்கு மௌலானாவின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தொண்ணூறு வயதுக் கணக்கு இனி அவளைக் கட்டாது.