பெற்றோல் கேனைக் காரிலேயே விடுங்கள்

இரண்டு கோடைக்கு முன்னர் எங்கள் கூட்டம் ஒன்று சரே பக்கம் ஒரு முகாம் தளத்துக்குப் போனது. பதினொரு பேர், மூன்று கூடாரம், தோர்ன்டன் ஹீத்தில் வாங்கி ஊறவைத்த கோழி இரண்டு பெட்டி. எங்களில் பாதிப் பேருக்கு கோடிங் தெரியும். இரண்டு பேரிடம் பொறியியல் முதுகலைப் பட்டம் இருந்தது, அதில் ஒன்று என்னுடையது. ஒருவருக்கும் நெருப்பு மூட்டத் தெரியவில்லை.

முக்கால் மணித்தியாலம் லைட்டரோடு மல்லுக்கட்டினோம். பொறுமை இழந்த என் மச்சான் (சின்ன மாமாவின் மகன், அப்போது இருபத்திரண்டு வயது) காரில் இருந்த பெற்றோல் கேனை எடுத்துவந்து விறகில் ஊற்றினான். குனிந்து லைட்டரைத் தட்டினான். படத்தில் வருவது போலப் பெரிய வெடிச்சத்தம் எல்லாம் இல்லை. 'புஃப்' என்று ஒன்று, அவ்வளவுதான். புருவம் போனது, மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை கொப்புளம் போட்டது. ஒருத்தன் பற்பசை தேடி ஓடினான். நல்ல காலம், கூட வந்த நேர்ஸ் பிள்ளை அவனைத் திட்டி நிறுத்திவிட்டு, மச்சானின் கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே இருபது நிமிடம் பிடித்துவைத்திருந்தாள். பற்பசை, பட்டர், ஐஸ் ஒன்றும் வேண்டாம். ஓடுகிற குளிர்ந்த தண்ணீர், இருபது நிமிடம். எங்கள் வீடுகளில் இதை முதலில் மாற்ற வேண்டும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்றோலில் எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு படர்ந்து நிற்கும். மச்சான் லைட்டரைத் தட்டியபோது அவன் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, அதற்குள்ளேதான் நின்றான். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். கையில் கேனோடு ஒருவன் நடந்து வரும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

வீட்டில் இரண்டு விதமான பதில். பெரியவர்கள் பலர், "இனிமேல் உந்த காம்பிங் விளையாட்டு வேண்டாம்" என்றார்கள். சின்ன மாமா மட்டும் மகனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெருப்பு மூட்டத் தெரியாமலே காட்டுக்குப் போனனீங்கள்?" என்று கேட்டார்.

மாமா 1999இல் இங்கே வந்தவர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்த சனத்தில் அவரும் ஒருவர். தென்மராட்சியில் ஒரு வளவுக்குள் மூன்று கல் வைத்து, நனைந்த விறகில் கஞ்சி காய்ச்சியதை அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னார். அதற்கு முன்பு பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காதபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டு விளக்கு எரித்துப் படித்தவராம். எண்ணெயைத் துளி துளியாக எண்ணிய ஒருவரின் மகன் விறகுக்கு மேலே கேனைக் கவிழ்த்தான். மாமாவுக்குக் கோபம் வந்தது கைக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

"காம்பிங் வேண்டாம்" என்பவர்களோடு நான் உடன்படவில்லை. தெரியாதவன்தான் பெரிய நெருப்பு மூட்டுவான். தெரிந்தவனுக்குச் சின்னது போதும். செப்டெம்பரில் மாமாவையும் கூட்டிக்கொண்டு அதே தளத்துக்குப் போனோம். அவர் பையில் பெற்றோல் இல்லை, குசினியில் சேர்த்துவைத்த காய்ந்த சிரட்டை இருந்தது. தளத்தில் இருந்த இரும்புத் தட்டுக்குள்தான் மூட்டினார். தடித்த கட்டைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அரை மணித்தியாலம் கத்தியால் விறகு சீவினார். முதலில் தீக்குச்சி மொத்தம், பிறகு பென்சில் மொத்தம், பிறகு பெருவிரல். நாங்கள் சிரித்தோம். பிறகு ஒரே ஒரு நெருப்புக்குச்சி. மெல்லிய குச்சி விரைவில் சூடேறி வாயுவை விடும், அந்த வாயுதான் சுவாலை. காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினால் மிச்சத்தை நெருப்பே பார்த்துக்கொள்ளும். பொறியியல் படித்தவன் நான், விளக்கம் என்னுடையது. மூட்டியவர் அவர்.

விறகைப் பற்றி ஒன்று. கடையில் வாங்கினால் 'ரெடி டு பேர்ன்' முத்திரை பாருங்கள். 20 வீதத்துக்கு மேல் ஈரம் உள்ள விறகைச் சிறு பொதிகளில் விற்க 2021 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் தடை. தெருவில் கிடக்கும் பலகைத் தட்டுகளை, அதாவது 'பலெட்'களை, எடுக்க ஆசை வரும். 'எம்பி' என்ற ஆங்கில எழுத்துகள் குத்தியிருந்தால் அது மெதைல் புரோமைட் அடித்தது, தொடாதீர்கள். பழைய வேலிப் பலகையில் ஆர்செனிக் கூட இருக்கலாம். அந்தப் புகையிலா கோழி வாட்டப் போகிறீர்கள்?

இடமும் முக்கியம். குரோய்டன் பிள்ளைகளுக்கு அடிங்டன் ஹில்ஸ் தெரியும், மேலே நின்றால் லண்டன் முழுக்கத் தெரியும். அங்கே இரவில் ஒரு சின்ன நெருப்பு போடலாமே என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். அது ஹீதர் செடி நிறைந்த புதர்க்காடு, கோடையில் வைக்கோல் மாதிரிக் காய்ந்து கிடக்கும். 2020 மே மாதம் டோர்செட்டில் வெயர்ஹம் காடு சுமார் 220 ஹெக்டேயர் எரிந்தது. எரிந்த இடத்தில் ஒருமுறை பாவித்து எறியும் பார்பிக்யூ தட்டுகளும் முகாம் நெருப்பின் மிச்சமும் கிடந்தன. 2022 ஜூலை 19, வெப்பம் 40 பாகையைத் தாண்டிய அன்று, கிழக்கு லண்டன் ஓரத்தில் வெனிங்டன் கிராமத்தில் வீடுகளே எரிந்தன. டார்ட்மூரில் கூடாரம் போடும் உரிமையை 2025இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, ஆனால் அங்கேயும் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை. தீ மூட்டலாம் என்று சொல்லும் தளத்துக்குப் போங்கள். பதிவு செய்யும்போதே கேட்டால் சொல்வார்கள்.

குளிருகிறது என்று தணல் தட்டைக் கூடாரத்துக்குள் இழுத்துவைப்பது எல்லாவற்றிலும் மோசம். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நித்திரையில் இருந்து எழும்பவே மாட்டீர்கள். சுவாலை அடங்கியிருந்தாலும், கூடாரக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டாலும் அதே ஆபத்துதான். நைலோன் ஜேர்சியோடு நெருப்பை ஒட்டி இருப்பதும் வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

அன்று பதினொரு மணிக்கு நாங்கள் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் படுக்கப் பார்த்தோம். மாமா விடவில்லை. மண்ணுக்குக் கீழே தணல் விடியும் வரை உயிரோடு இருக்குமாம். மண்ணைக் கிளறி எடுத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, தடியால் குழப்பி, இன்னொரு வாளி ஊற்றினார். பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். மச்சானைக் கூப்பிட்டு, தழும்பு இருந்த அதே கையைப் பிடித்துச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோனார்.

"சுடுதோ?"

"கொஞ்சம்."

"அப்ப இன்னொரு வாளி கொண்டு வா."